வேலையை விட்டுவிட்டு கோடிங் படிக்கலாமா? எங்கள் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

குழு: பொள்ளாச்சி வீடு

ஞாயிறு, இரவு 8:10

செல்வி: எல்லாருக்கும் வணக்கம். ஒரு முடிவு எடுக்கும் முன்னால் உங்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன். பம்ப் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பெங்களூரில் ஒரு கோடிங் பூட்கேம்ப்பில், அதாவது மென்பொருள் எழுதக் கற்றுத்தரும் பயிற்சி மையத்தில், சேரலாம் என்று இருக்கிறேன். ஆறு மாதம், முழுநேரம். கட்டணம் ஒன்றேமுக்கால் லட்சம், இஎம்ஐ வசதி உண்டு. வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தால் இருபதாயிரம் தள்ளுபடியாம்.

மல்லிகா அத்தை: என்ன அம்மணி திடீரென்று? வேலையில் யாராவது ஏதாவது சொன்னார்களா?

செல்வி: இல்லைங்க அத்தை, எல்லாரும் நல்லவர்கள்தான். டெஸ்ட் பெஞ்சில் ரீடிங் எடுப்பது, எக்ஸெல்லில் போடுவது, ரிப்போர்ட் அடிப்பது. சேர்ந்த நாளிலிருந்து இதே வேலை. மேலே போக பி.இ. கேட்கிறார்கள், நான் டிப்ளமோ. இப்படியே இருந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பெரியப்பா: கண்ணு, ஐடியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதைவிட ஆளை அனுப்புகிறார்கள் என்றுதான் பேப்பரில் வருகிறது. மாசம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விடுவதா?

அப்பா: என்னிடம் நேற்றுதான் சொன்னாள். பணத்தைப் புரட்டிவிடலாம் அண்ணா. அதன் பிறகு வேலை கிடைக்குமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கார்த்தி, நீ அந்த வழியில் போனவன்தானே, கொஞ்சம் சொல்லப்பா.

மல்லிகா அத்தை: பேச்சோடு பேச்சாக, ஞாயிற்றுக்கிழமை காதுகுத்துக்கு யார் யார் வருகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சமையல்காரர் கேட்கிறார்.

வித்யா அண்ணி: நாங்கள் மூன்று பேரும் வருகிறோம் அத்தை. இவர் இப்போது நீளமாக எழுதப் போகிறார், லேப்டாப்பை எடுத்துவிட்டார்.

ஞாயிறு, இரவு 9:05

கார்த்தி அண்ணா: செல்வி, முதலில் ஒன்று. இந்த ஆசை சரியான ஆசை. சித்தப்பா, பெரியப்பா, தயவுசெய்து அதைத் தடுக்காதீர்கள். கட்டுமான சைட்டில் கான்கிரீட் க்யூப் டெஸ்ட் எழுதிக்கொண்டிருந்த நான் இன்று மென்பொருள் வேலையில் இருப்பதற்கு நான் படித்த பூட்கேம்ப்தான் காரணம். காலையில் ஸ்டாண்டப் என்ற சின்னக் கூட்டம், அப்புறம் பாடம், மதியத்திலிருந்து ராத்திரி வரை இருவர் இருவராக உட்கார்ந்து கோட் எழுதுவது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ்ஸில் ஆரம்பித்து ஜாவாஸ்கிரிப்ட், ரியாக்ட், நோட், மோங்கோடிபி வரை, இணையதளம் கட்டும் கருவிகளில் ஓட்டமாக ஓடுவார்கள். நடுவே டேட்டா ஸ்ட்ரக்சர், அதாவது தரவை அடுக்கி வைக்கும் முறைகள். தனியாகப் படித்திருந்தால் பாதியில் விட்டிருப்பேன். பக்கத்தில் இருப்பவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும், நாம் எழுதிய கோட் வரிகளை இன்னொருவர் படித்துத் திருத்துவதும்தான் எனக்குப் பயன்பட்டன. பாடம் இணையத்தில் எங்கும் கிடைக்கும்.

கார்த்தி அண்ணா: ஆனால் நான் படித்து முடித்தது 2021. அப்போது ஆள் கிடைக்காமல் கம்பெனிகள் தவித்தன. 2022 கடைசியிலிருந்து நிலைமை மாறிவிட்டது. அதோடு, புதிதாகச் சேர்கிறவருக்குக் கொடுக்கும் சின்னச் சின்ன வேலைகளை இப்போது ஏஐ வைத்தே முடித்துவிடுகிறார்கள். "ரியாக்ட் தெரியும், இரண்டு ப்ராஜெக்ட் செய்திருக்கிறேன்" என்று மட்டும் சொன்னால் இன்று யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதனால்தான் வேலையை விட்டுவிட்டு நேரே போய்ச் சேராதே என்கிறேன். முதலில் இங்கேயே இருந்து எழுதிப் பார்.

செல்வி: ஆனால் அண்ணா, வேலைவாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல் என்று சொன்னார்களே.

கார்த்தி அண்ணா: எத்தனை பேரில் 90 என்று கேள். சேர்ந்த எல்லாரிலுமா, முடித்தவர்களிலா, "பிளேஸ்மென்டுக்குத் தகுதியானவர்கள்" என்று அவர்களே பிரித்து வைத்தவர்களிலா? அமெரிக்காவில் லாம்டா ஸ்கூல் என்று ஒன்று 2017இல் தொடங்கியது. இப்போது பணம் வேண்டாம், வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும் என்றார்கள். கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள். பிறகு ப்ளூம்டெக் என்று பெயரை மாற்றினார்கள். 2024 ஏப்ரலில் அந்த நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு நடவடிக்கை எடுத்தது. சம்பளப் பங்கு என்று சொன்னது உண்மையில் கடன்தான், ஒவ்வொன்றிலும் சராசரியாக சுமார் 4,000 டாலர் நிதிக் கட்டணம் சேர்ந்திருந்தது, அதை மறைத்துவிட்டார்கள் என்று அந்த அமைப்பு சொன்னது. 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தபோது அவர்களுடைய உள்கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டித்தான் இருந்ததாம், சில நேரம் 30 வரைகூட இறங்கியதாம். மாணவர்களுக்குக் கடன் கொடுக்கவே கூடாது என்று தடை போட்டார்கள்.

பெரியப்பா: படித்தவர்கள் ஊரிலேயே இப்படியா!

கார்த்தி அண்ணா: இங்கே பெரும்பாலும் "நோ காஸ்ட் இஎம்ஐ", அதாவது வட்டியில்லாத் தவணை, பெரியப்பா. செல்வி, இதைக் கவனமாகப் படி. அந்த இஎம்ஐயை நீ பூட்கேம்ப்புக்குக் கட்டப் போவதில்லை. ஒரு என்பிஎஃப்சி, அதாவது வங்கி அல்லாத நிதி நிறுவனம், உன் பெயரில் கடன் போடும். வட்டியைப் பூட்கேம்ப் ஏற்றுக்கொள்ளும். கட்டணம் மொத்தமும் முதலிலேயே அவர்கள் கைக்குப் போய்விடும். இரண்டாவது மாதம் உனக்கு ஒத்துவரவில்லை என்று வெளியே வந்தாலும் கடன் உன்னோடுதான் வரும். என் பழைய சைட் நண்பன் ஒருவன் வேறோர் இடத்தில் சேர்ந்தான். பாடம் நடத்துகிறவர்கள் மாறிக்கொண்டே இருந்ததால் பாதியில் நின்றுவிட்டான். பணம் திரும்ப வரவில்லை. இஎம்ஐ கட்டாமல் விட்டதில், கடன் கொடுக்கிறவர்கள் பார்க்கும் சிபில் ஸ்கோர் விழுந்தது. பிறகு பைக் லோன்கூடக் கிடைக்கவில்லை. வேலையையும் விட்டிருந்ததால் மிகவும் கஷ்டப்பட்டான். அவனை நினைத்துத்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

அப்பா: அப்படியானால் கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கார்த்தி அண்ணா: ரிசர்வ் வங்கி 2022இல் டிஜிட்டல் கடனுக்கு விதி கொண்டுவந்தது சித்தப்பா. கடன் கொடுக்கிறவர் "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்" என்று ஒரு தாள் தந்தே ஆக வேண்டும். ஆண்டு வட்டி எல்லாச் செலவும் சேர்த்து எவ்வளவு என்பது அதில் இருக்கும். "கூலிங் ஆஃப்" காலமும் இருக்கும். அதற்குள் வேண்டாம் என்றால் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் கொடுத்துவிட்டு அபராதமில்லாமல் வெளியே வந்துவிடலாம். செல்வி, அந்தத் தாளையும் ஒப்பந்தத்தையும் அனுப்பச் சொல். போனில் பேசுகிறவர் சொல்லும் வாக்குறுதியை மெயிலில் எழுதித் தரச் சொல். வெள்ளிக்கிழமை தள்ளுபடிக்காக அவசரப்படாதே.

வித்யா அண்ணி: டிகிரிதான் தடை என்றால் ஐஐடி மெட்ராஸின் பி.எஸ். டேட்டா சயின்ஸையும் பார் செல்வி. 2020இல் அறிவித்தார்கள். ஜேஇஇ நுழைவுத் தேர்வு தேவையில்லை, அவர்களே நான்கு வாரப் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைப்பார்கள். பாடம் ஆன்லைனில், தேர்வு மட்டும் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நடுவில் நின்றாலும் முடித்த அளவுக்குச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். எங்கள் ஆபீஸில் ஒரு பெண் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறாள்.

செல்வி: ஆறு மாதத்தில் முடியாதே அண்ணி. எனக்கு இருபத்தெட்டு ஆகிவிட்டது.

வித்யா அண்ணி: இருபத்தெட்டு ஒரு வயதா! நான் முப்பத்திரண்டில் மென்பொருள் டெஸ்டிங்கில் சேர்ந்தேன். கைக்குழந்தை வேறு.

கார்த்தி அண்ணா: இன்னொன்று செல்வி. பம்ப் வேலை பார்த்ததை நீ கழித்துப் பேசுகிறாய். உன் வழி அதிலிருந்துதான் தொடங்கும் என்று எனக்குப் படுகிறது. ரியாக்ட் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தர விதியில் நீர்மூழ்கி பம்ப்புக்கு என்ன சோதனை, ஹெட் (நீரை ஏற்றும் உயரம்) என்ன, டிஸ்சார்ஜ் (வெளிவரும் நீரின் அளவு) என்ன என்று தெரிந்து, கோட் எழுதவும் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? கோயம்புத்தூரில் இத்தனை பம்ப் கம்பெனி, மோட்டார் கம்பெனி இருக்கின்றன. பைதான் என்ற கோடிங் மொழியில் ஆரம்பி. என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் மாதவன் முகுந்த் நடத்திய பைதான் பாடம் இருக்கிறது, நம் சென்னை கணிதவியல் கழகத்துப் பேராசிரியர். ஃப்ரீகோட்கேம்ப் என்ற தளமும் இருக்கிறது. இரண்டும் இலவசம். பயிற்சிக் கணக்கு எல்லாவற்றையும் போட்டு முடிக்கும்வரை காத்திருக்காதே. நீ தினமும் கையால் அடிக்கிற அந்த ரிப்போர்ட்டை ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சின்ன ப்ரோகிராம், தானாகவே போட வேண்டும். அதை எழுத முயற்சி செய். ராத்திரி ஒன்பதுக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, கூடவே உட்காருகிறேன்.

செல்வி: சரிங்க அண்ணா. ஆனால் எழுதிப் பார்த்தும் பிடித்திருந்தால் பூட்கேம்ப்புக்குப் போவேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கார்த்தி அண்ணா: பிடித்திருந்தால் நானே பெங்களூருக்குக் கொண்டுபோய் விடுகிறேன். கொஞ்சம் தெரிந்துகொண்டு போகிறவருக்குத்தான் அங்கே அந்த வேகம் தாங்கும். எங்கள் பேட்சில் முதல் மாதத்திலேயே மூச்சுமுட்டி நின்றவர்களில் பெரும்பாலோர் அங்கே வந்துதான் முதல் வரி கோட் எழுதியவர்கள்.

புதன், இரவு 7:40

செல்வி: ஒப்பந்தம் வந்துவிட்டது. "வேலை உறுதி" என்று போனில் சொன்னார்கள், இதில் "வேலை தேட உதவி" என்றுதான் இருக்கிறது. முதல் வாரத்துக்குப் பிறகு விலகினால் பணம் திரும்ப வராது. பிடிஎஃப் கீழே போட்டிருக்கிறேன்.

அப்பா: நானும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதாகப் படித்தேன். கேட்டது ஒன்று, எழுதியிருப்பது ஒன்று.

கார்த்தி அண்ணா: நாளை போன் செய்து, சேர்ந்தவர்கள் எத்தனை, முடித்தவர்கள் எத்தனை, இப்போது வேலையில் இருப்பவர்கள் எத்தனை என்று மூன்றையும் தனித்தனியாகக் கேள். முடித்தவர் இரண்டு பேரின் நம்பரும் கேள். விஷயம் இருக்கிற இடமாக இருந்தால் தயங்காமல் தருவார்கள்.

சனி, மாலை 6:15

செல்வி: அண்ணா, எக்ஸெல்லைப் படிக்கும்போது வேல்யூ எரர் வருகிறது. எழுத்தை எண்ணாக மாற்ற முடியவில்லை என்கிறது.

கார்த்தி அண்ணா: எந்த நெடுவரிசை? அந்தக் கட்டத்தை போட்டோ எடுத்துப் போடு.

செல்வி: டிஸ்சார்ஜ் நெடுவரிசை. ஓ, புரிந்துவிட்டது. நைட் ஷிப்ட்டில் எண்ணோடு "லி/வி" என்று யூனிட்டையும் சேர்த்து அடித்திருக்கிறார்கள்.

கார்த்தி அண்ணா: அருமை. யூனிட்டை நீக்கிவிட்டு ஃப்ளோட்டாக, அதாவது தசம எண்ணாக, மாற்று. அப்புறம் வரைபடம் போடும் மேட்பிளாட்லிப்பில் வரைந்து பார்.

சனி, இரவு 9:50

செல்வி: வந்துவிட்டது! படம் பாருங்கள். ஹெட்டுக்கும் டிஸ்சார்ஜுக்கும் வளைவு.

வித்யா அண்ணி: பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது செல்வி.

கார்த்தி அண்ணா: நான்காவது புள்ளி மட்டும் வளைவைவிட்டு வெளியே நிற்கிறதே. லூப்பில் ஏதாவது வரிசை மாறியிருக்கும், பார்.

செல்வி: இல்லைங்க அண்ணா, கோட் சரிதான். டெலிவரி வால்வை மூடிக்கொண்டே வந்தால் ஹெட் ஏறும், டிஸ்சார்ஜ் இறங்கும். இந்த ரீடிங்கில் இரண்டும் சேர்ந்து ஏறியிருக்கிறது. பிரஷர் கேஜ் முள் நிற்கும் முன்பே எழுதிவிட்டார்கள். கையால் ரிப்போர்ட் அடிக்கும்போது இது கண்ணில் படவே இல்லை.

கார்த்தி அண்ணா: எனக்கு இது ஏழு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. அதையே ஒரு சோதனையாக எழுது. ஹெட் கூடியும் டிஸ்சார்ஜ் குறையாத வரியைச் சிவப்பாகக் காட்டட்டும்.

பெரியப்பா: கண்ணு, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நீ பேசுவது நன்றாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கெடு முடிந்துவிட்டதே, என்ன சொன்னாய்?

செல்வி: இந்த பேட்ச் வேண்டாம், அடுத்ததற்கு யோசித்துச் சொல்கிறேன் என்றேன் பெரியப்பா. தள்ளுபடி அப்போதும் உண்டு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். முடித்த ஒருவருடைய நம்பர் கொடுத்தார்கள், நாளை காதுகுத்து முடிந்து பேசுகிறேன். திங்கட்கிழமை இந்தப் படத்தை மேனேஜரிடம் காட்டப் போகிறேன்.

கார்த்தி அண்ணா: காட்டு. எல்லாரும் பார்க்கும்படி கோட் போடும் கிட்ஹப் தளத்தில் போடுவதாக இருந்தால் கம்பெனி பெயர், பம்ப் சீரியல் நம்பர், உண்மையான ரீடிங் எதுவும் அதில் இருக்கக் கூடாது. அது அவர்களுடைய தரவு.

செல்வி: சரிங்க அண்ணா. நானாக எண்கள் போட்டு ஒரு மாதிரி ஃபைல் தயார் செய்துவிடுகிறேன்.