ரெட் ரிவர் (1948): சப்டைட்டில் படத்தோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது, என்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு?

இரவுக்காட்சி:

வணக்கம். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய 'ரெட் ரிவர்' படத்துக்குத் தமிழில் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜான் வெய்னும் மான்ட்கோமரி கிளிஃப்டும் நடித்தது, டெக்சஸிலிருந்து கிட்டத்தட்ட பத்தாயிரம் மாடுகளை வடக்கே ரயில் வரும் ஊருக்கு ஓட்டிப்போகும் கதை. வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பத்துப் பேருக்குப் போட்டுக் காட்டுவதாகச் சொல்லிவிட்டேன். அதில் அப்பாவும் ஒருவர். இருபது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர், ஆங்கிலம் வாசிக்க வராது. அவருக்காகத்தான் இந்த வேலையையே ஆரம்பித்தேன்.

பிரச்சினை இது. இணையத்தில் கிடைத்த ஆங்கில சப்டைட்டில் கோப்பை எடுத்து, நேரக் குறிப்புகளை அப்படியே விட்டுவிட்டு, வரிக்கு வரி தமிழாக்கினேன். படத்தின் தொடக்கத்தில் சரியாகத்தான் இருக்கிறது. பத்தாவது நிமிடத்தில் கிட்டத்தட்ட அரை நிமிடம் தாமதமாக வருகிறது. விஎல்சி பிளேயரில் நேரத்தைத் தள்ளிச் சரிசெய்தால் ஐந்து நிமிடம் தாக்குப்பிடிக்கிறது, அப்புறம் மறுபடி விலகுகிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகு பார்த்தால் இரண்டரை நிமிடம் பின்தங்கிவிட்டது, ஜான் வெய்ன் நடிக்கும் டன்சன் பேசி முடித்துக் குதிரை ஏறிப் போன பிறகு அவர் வசனம் கீழே வருகிறது.

தேடிப் பார்த்ததில் இந்தப் படத்துக்கு 133 நிமிடம், 127 நிமிடம் என்று இரண்டு பதிப்புகள் உண்டு என்று தெரிந்தது. என் டிவிடி ஓடுவது 127 நிமிடம் சொச்சம். அப்படியானால் என்னிடம் இருப்பது சின்னப் பதிப்பு, கோப்பு பெரிய பதிப்புக்கானது, இல்லாத காட்சிகளுக்குரிய வரிகளை வெட்ட வேண்டும் என்று நினைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். எதை வெட்டுவது என்றே பிடிபடவில்லை, எல்லா வசனமும் படத்தில் இருக்கிறது! டிவிடி உறையில் பதிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, விற்றவரைக் கேட்டால் படம் ஓடுகிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்கிறார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மாடு ஓட்டும் தொழிலுக்குரிய சொற்கள் சில எனக்குத் தமிழில் வரவில்லை. மந்தை முழுக்க ஒரே நேரத்தில் மிரண்டு ஓடுவதை ஒரு சொல்லில் எப்படிச் சொல்வது? மந்தையைச் சுற்றி ஆளாளுக்கு ஓர் இடம் இருக்கிறதே, பாயிண்ட், ஸ்விங், ஃபிளாங்க், டிராக் என்று, அதை எப்படி எழுதுவது? யாராவது உதவுங்கள்.

பழையரீல்:

சகோ, விஎல்சியில் ஜி, எச் இரண்டு விசைகளையும் அழுத்தினால் சப்டைட்டில் முன்னும் பின்னும் நகரும். அதை வைத்துச் சமாளிக்கலாமே. இல்லையென்றால் 127 நிமிடப் பதிப்புக்கென்றே உள்ள கோப்பைத் தேடி எடுங்கள். 1948இல் தியேட்டருக்கு வந்தது அந்தப் பதிப்புதான், கிடைக்காமல் போகாது.

இரவுக்காட்சி:

அந்த விசைகளைத்தான் இரண்டு நாளாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். பத்துப் பேர் உட்கார்ந்து பார்க்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய் அழுத்த முடியாது. 127 நிமிடத்துக்கான கோப்பு ஒன்றும் கிடைத்தது, அது இதைவிட மோசம். அதில் நடுநடுவே யாரும் பேசாத இடத்தில் நீளமான வரிகள் வருகின்றன.

வெட்டுமேசை:

பொறுங்கள், எதையும் வெட்ட வேண்டாம். முதலில் இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், இரண்டும் முக்கியம்.

ஒன்று, படம் தொடங்கியதும் திரையில் கையால் எழுதிய ஒரு பழைய புத்தகத்தின் பக்கம் வந்து அதை வாசிக்க விடுகிறதா, இல்லை ஒரு கிழவனார் குரல் கதை சொல்கிறதா? இரண்டு, தாமதம் ஒரே சீராகக் கூடிக்கொண்டே போகிறதா, இல்லை நன்றாகப் போய்க்கொண்டிருந்து ஓர் இடத்தில் திடீரென்று குதிக்கிறதா?

இரவுக்காட்சி:

புத்தகப் பக்கம்தான் வருகிறது, நடுவிலும் பல தடவை வருகிறது. குரல் எதுவும் இல்லை. தாமதம் சீராகத்தான் கூடுகிறது, குதிக்கவில்லை.

வெட்டுமேசை:

அப்படியானால் உங்களிடம் இருப்பது 127 நிமிடப் பதிப்பே இல்லை. அது 133 நிமிடப் பதிப்பு, கொஞ்சம் வேகமாக ஓடுகிறது, அவ்வளவுதான்.

சினிமா பிலிம் நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள், ஓடும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் பழைய டிவி முறையான பால் நொடிக்கு 25 ஃபிரேம். அந்த முறையில் டிவிடி போடும்போது பெரும்பாலும் படத்தை அப்படியே 25க்கு ஓடவிட்டுவிடுவார்கள். நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடிவிடும். 133 நிமிடத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 127 நிமிடம் 30 நொடி வரும். புத்தகப் பக்கத்துக்குப் பதிலாகக் கிழவனார் குரல் கதை சொல்லும் இன்னொரு பதிப்பும் அதே 127 நிமிடம் என்பதால்தான் ஆளாளுக்கு ஏமாந்துபோகிறோம். நானும் ஒரு காலத்தில் என்னிடம் குரல் பதிப்பு இருப்பதாக நினைத்துப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்தேன்.

நீங்கள் சொன்ன அளவுகளும் இதற்குப் பொருந்துகின்றன. பத்தாவது நிமிடத்தில் 25 நொடி, ஒரு மணி நேரத்தில் 2 நிமிடம் 27 நொடி, இதுதான் அந்த நாலு சதவீதத்தின் கணக்கு. காட்சி வெட்டப்பட்டிருந்தால் தாமதம் அந்தந்த இடத்தில் குதிக்கும், இப்படிச் சீராக வளராது. காதால் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. பால் டிவிடியில் குரல் ஒரு சுருதி ஏறியிருக்கும், ஜான் வெய்ன் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்கும்.

நீங்கள் இரண்டாவதாக எடுத்த கோப்பு உண்மையான குரல் பதிப்புக்கானது. யாரும் பேசாத இடத்தில் வந்த நீளமான வரிகள் வால்டர் பிரென்னன் சொல்லும் கதை. சமையல்காரர் குரூட்டாக வருகிறாரே, அவர்தான். அந்தப் பதிப்பில் புத்தகப் பக்கங்களை எடுத்துவிட்டு அவர் குரலைப் போட்டார்கள்.

செய்ய வேண்டியது: 'சப்டைட்டில் எடிட்' என்ற இலவச மென்பொருளில் உங்கள் தமிழ்க் கோப்பைத் திறங்கள். சிங்க்ரனைசேஷன் மெனுவில் ஃபிரேம் ரேட்டை மாற்றும் வசதி இருக்கும். 23.976இலிருந்து 25 என்று கொடுங்கள் (நான் 24 என்று சொன்னது கோப்புகளில் பெரும்பாலும் இந்த 23.976ஆகத்தான் இருக்கும்). சேமிக்கும்போது எழுத்துக் குறியீட்டு முறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகப் போய்விடும். மூலக் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்துவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

இரவுக்காட்சி:

ஐயா, உட்கார்ந்துவிட்டது! இரண்டு ராத்திரி பட்டபாட்டுக்கு இரண்டு நிமிட வேலை. முழுப் படத்தையும் ஓட்டிப் பார்த்தேன், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒரு நொடிக்குச் சற்று அதிகமாக முந்தி வருகிறது. அதுவும் போய்விட்டால் நிம்மதி.

வெட்டுமேசை:

மாறாத வித்தியாசம் என்றால் கவலையே இல்லை. தொடக்கத்தில் ஏதோ நிறுவன முத்திரை கூடவோ குறையவோ ஓடுகிறது என்று அர்த்தம். எல்லா வரியையும் ஒரே அளவு தள்ளிவிடலாம். எவ்வளவு என்று அளக்க நல்ல இடம் ஒன்று சொல்கிறேன். மாடு ஓட்டிப் புறப்படும் விடியற்காலை. கேமரா மெதுவாக மந்தையையும் குதிரையில் காத்திருக்கும் ஆட்களையும் சுற்றிக் காட்டும், யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த அமைதி முடிந்து டன்சன் மேத்யூவிடம் (கிளிஃப்ட்) ஓட்டச் சொல்லும் ஒரு வரி வரும். முன்னால் நீண்ட மௌனம் இருப்பதால் உதடு அசைவதும் வரி வருவதும் பொருந்துகிறதா என்று துல்லியமாகப் பிடிக்கலாம்.

அதற்கடுத்து ஒவ்வொரு முகமாகக் காட்டி எல்லோரும் கூவுவார்கள். அந்தக் கூச்சலுக்குத் தயவுசெய்து சப்டைட்டில் போடாதீர்கள். படத்தொகுப்பாளர் கிறிஸ்டியன் நைபிக்கு ஆஸ்கர் பரிந்துரை வாங்கித்தந்த படம் இது. அந்த முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறும்போது பார்ப்பவர் கண் கீழே இறங்கக் கூடாது.

புல்வெளி:

தம்பி, பதிப்பு பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன், முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். இரண்டு பதிப்புக்கும் வித்தியாசம் புத்தகமா குரலா என்பதோடு நிற்கவில்லை. கடைசியில் டன்சன் மாடுகளுக்கு நடுவே நடந்துவந்து மேத்யூ துப்பாக்கி எடுக்க வேண்டும் என்பதற்காக அவனைச் சுற்றிச் சுட்டுக்கொண்டே இருப்பார், அவன் எடுக்க மாட்டான். இந்த இடம் தன் 'தி அவுட்லா' படத்தில் இருக்கிறது என்று தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ் சண்டைக்கு வந்தார், அதனால் தியேட்டருக்குப் போன பதிப்பில் அந்தக் காட்சி குறுகிப்போனது. டிவியிலும் வீடியோவிலும் பல வருடம் ஓடியது உங்களிடம் இருக்கும் பெரிய பதிப்புதான். 2014இல் பழைய படங்களை வட்டில் வெளியிடும் கிரைடீரியன் நிறுவனம் இரண்டையும் சேர்த்து வெளியிட்ட பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது.

ஹாக்ஸுக்குக் குரல் பதிப்பே பிடித்திருந்தது என்று இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் சொல்லியிருக்கிறார். எனக்கும் குரூட் கதை சொல்வது பிடிக்கும், ஆரம்பத்திலிருந்து டன்சன் கூடவே வண்டி ஓட்டிக்கொண்டு வந்த மனிதர் அவர், புத்தகத்துக்கு அந்த ஒட்டுதல் கிடையாது. ஆனால் முடிவு மட்டும் பெரிய பதிப்பில்தான் முழுசாக மூச்சுவிடுகிறது. அதனால் உங்களிடம் இருப்பதை எண்ணி வருத்தப்பட வேண்டாம். ஒரே ஒரு தொல்லை, புத்தகப் பக்கம் வரும்போது அதைத் தமிழில் வாசிக்க நேரம் போதாது. அந்த வரிகளைத் திரையின் மேல்பக்கத்தில் போட்டு, பக்கத்தில் உள்ளதை முழுக்கப் பெயர்க்காமல் சாரத்தை மட்டும் இரண்டு வரியில் கொடுங்கள்.

சொற்களுக்கு வருகிறேன். மந்தையை ஒரே ஒரு பெரிய மாடாக நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வழிகாட்டிப் போகிறவர்கள் முகம், அவர்களுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வருபவர்கள் தோள், அதற்கும் பின்னால் விலா, கடைசியில் வருபவர்கள் வால். 'நீ விலாவுக்குப் போ', 'இன்றைக்கு நீ வாலில்' என்று எழுதினால் விளக்கமே தேவையில்லை. வாலில் போகிறவனுக்குத்தான் நாள் முழுக்க முன்னால் போன அத்தனை குளம்புகளின் புழுதியும், துணியை மூக்குக்குக் கட்டிக்கொண்டு போவார்கள்.

இரவுக்காட்சி:

அக்கா, முகம், தோள், விலா, வால் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் சொன்னேன், தலையை ஆட்டினார். பத்தாயிரம் மாடு என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்து, 'மாட்டை யாரு அப்படி எண்ணுவா, பத்தாயிரம் உருப்படின்னு போடு' என்றார். அதையும் மாற்றிவிட்டேன்.

இன்னொரு சந்தேகம். கதை நடப்பது 1865. அப்போது கன்சாஸில் அபிலீனுக்கு ரயிலே வரவில்லை என்று ஒரு நண்பர் சொல்கிறார். சப்டைட்டிலில் ஒரு குறிப்புப் போடலாமா?

தடம்1867:

நண்பர் சொல்வது சரி. மாட்டு வியாபாரி ஜோசப் மெக்காய் அபிலீனில் மாட்டுத் தொழுவங்கள் கட்டியது 1867இல், அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் தேதிதான் மாடு ஏற்றிய முதல் ரயில் அங்கிருந்து கிளம்பியது. அந்த ஒரே பருவத்தில் 35,000 மாடுகள் போல அனுப்பினார்கள். படத்தில் வரும் பத்தாயிரமும் பெரிய கணக்கு, சாதாரணமாக ஒரு தடவைக்கு இரண்டாயிரம், மூவாயிரம் உருப்படியும் பத்துப் பன்னிரண்டு ஆட்களும்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல் நடத்துவார்கள், வேகமாக விரட்டினால் மாடு இளைத்துவிடும், இளைத்த மாட்டுக்கு விலை இல்லை.

ஆனால் மையக் காரணத்தைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சஸில் மாடு குவிந்து கிடந்தது, வாங்க ஆள் இல்லை. அங்கே நாலு டாலர் போகாத மாடு வடக்கே நாற்பது டாலர் போகும் என்பார்கள். மிசௌரி வழியும் சும்மா கிடக்கவில்லை. டெக்சஸ் மாடுகளோடு வந்த உண்ணி உள்ளூர் மாடுகளுக்குக் காய்ச்சலைப் பரப்பியது, அதனால் அந்தப் பக்கத்து விவசாயிகள் துப்பாக்கியோடு வழிமறித்தார்கள், கொள்ளைக்காரர்கள் வேறு. அதனால் டன்சன் மிசௌரி என்று பிடிவாதம் பிடிப்பதும், மேத்யூ கன்சாஸ் பக்கம் திரும்பலாம் என்பதும் வெறும் வீம்பு இல்லை, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

குறிப்பு வேண்டாம் என்பது என் எண்ணம். படத்தில் யாரும் அந்த ரயிலைப் பார்த்ததாகச் சொல்வதில்லை, வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதாகத்தான் சொல்கிறார்கள். 'வந்திருக்கிறதாம்' என்று அந்த 'ஆம்' விகுதியைத் தவறாமல் போட்டுவிடுங்கள். அத்தனை பேரும் ஒரு கேள்விப்பட்ட பேச்சை நம்பித் திரும்புகிறார்கள் என்பது அந்த ஒரே விகுதியில் வந்துவிடும்.

வெட்டுமேசை:

'ஆம்' அருமையான யோசனை. இரவுக்காட்சி, மிரண்டு ஓடுவதற்குச் சொல் கிடைத்ததா?

இரவுக்காட்சி:

கிடைத்தது, நான் தேடியது இல்லை. நேற்று ராத்திரி நேரம் சரிபார்க்க அந்தக் காட்சியை மட்டும் போட்டேன், அப்பா பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கூட்டத்தில் ஒருவன் சர்க்கரை திருடச் சமையல் வண்டிக்குள் கைவிடுவான், பாத்திரம் சரிந்து விழுந்து மொத்த மந்தையும் கிளம்பிவிடும். அவன் கை உள்ளே போவதற்கு முன்பே, மாடுகள் இருட்டில் நிலைகொள்ளாமல் நிற்கும் ஷாட்டிலேயே அப்பா என் தோளைத் தட்டி 'மாடு மிரளப் போவுது, சத்தம் காட்டாத' என்றார். பாத்திரம் விழுந்ததும் 'மிரண்டிருச்சு' என்று அவரே சொல்லி எழுந்து நின்றுவிட்டார். படத்தில் ஆள் கத்துகிற அதே நொடி. வேறு சொல் தேடவில்லை, 'மிரண்டிருச்சு!' என்றே போட்டுச் சேமித்துவிட்டேன்.