வாகைக்குளம் விமானத்தில் தள்ளுவண்டி வைத்து விற்பனை

பாளையங்கோட்டையிலிருந்து:
கேபின் குரூ (விமானப் பணியாளர்) வேலைக்குப் போற நம்ம பக்கத்துப் பிள்ளைகள், விமானத்துக்குள் தள்ளுவண்டியில் தின்பண்டம் விற்கிற இந்தக் கணக்கை முதலில் தெரிஞ்சிக்கணும். சென்னையிலிருந்து வாகைக்குளத்துக்கு (தூத்துக்குடி விமான நிலையம்) வரும் ஏடிஆர் 72 என்ற சின்ன விமானத்தில் 78 சீட், 2 குரூ. 50 சீட்டுக்கு ஒருவர் என்ற விதி ஆபத்தில் ஆட்களை வெளியேற்றுவதற்காகப் போட்டது, வியாபாரத்துக்கு இல்லை. சீட் பெல்ட் விளக்கு எரியும் நேரத்தைக் கழித்தால் கையில் நிற்பது ஏறக்குறைய 40 நிமிஷம். முன்பதிவுச் சாப்பாடு, தண்ணீர் எல்லாம் கொடுத்த பிறகுதான் முந்திரியும் கப் நூடுல்ஸும் விற்கணும். ஆளுக்கு அரை நிமிஷம்கூட வராது. அதிலும் காலை விமானத்துக்கு நம்ம ஊர்க்காரங்க வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வருவாங்க. டெல்லி விமானத்துக்குப் போடுற விற்பனை டார்கெட்டை இதற்கும் போடுவது அநியாயம்.

வள்ளியூரிலிருந்து:
அக்கா சொன்ன நேரக் கணக்கு சரி. கைக்காசு போகும் இடத்தையும் சொல்லணும். தள்ளுவண்டி விமானத்தில் ஏறியதும் அதன் சீல் நம்பரைச் சரக்குத் தாளோடு ஒத்துப் பாருங்க. மாறியிருந்தால் பயணிகள் ஏறுமுன்னே எழுதி, சப்ளை ஆளிடம் கையெழுத்து வாங்கிடணும். அப்புறம் சொன்னால் எடுபடாது. டிராயரை முழுசா இழுத்து அடிவரிசையையும் எண்ணுங்க. மேல்வரிசையை மட்டும் பார்த்து உத்தேசமாக எழுதினால் கடைசியில் இரண்டு டப்பா கணக்கில் உதைக்கும். சில நிறுவனங்களில் அது சம்பளத்தில் பிடித்தம். மேலே நெட்வொர்க் இல்லாமல் யுபிஐ ஓடாது, 500 ரூபாய் நோட்டாகவே நீட்டுவாங்க. பாக்கிச் சில்லறையைச் சீட் நம்பரோடு உடனே குறிச்சு வையுங்க.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து:
காசு போனாலும் போகட்டும், கொதிநீர் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கப்பில் விளிம்பு வரை ஊற்றக் கூடாது. குழந்தை தலைக்கு மேலாக நீட்டக் கூடாது. வண்டி நின்றதும் சிவப்பு மிதியை அழுத்துங்க. பச்சை மிதியை அழுத்தின பிறகுதான் வண்டியை நகர்த்தணும். நம்ம பக்கம் மத்தியான வெயிலில் தரையிலிருந்து சூடு கிளம்பி, சின்ன விமானம் நல்லாவே குலுங்கும். பெல்ட் விளக்கு எரிந்தால் பாதி பில்லிலேயே விற்பனையை நிறுத்திடணும்.

இறங்கும் நேரத்தில் மிஷினில் பில் அடித்துக்கொண்டிருப்பதுதான் பெரிய தப்பு. பெல்ட், சாப்பாட்டுத் தட்டு, அவசர வழிப் பக்கத்துப் பை, வண்டிக் கொண்டி எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அது. கொண்டி சரியாக விழாத வண்டி, பிரேக் அடித்ததும் நடைபாதையில் பாயும். விற்பனை ஏன் குறைந்தது என்று மேலதிகாரிகள் கேட்டால், விளக்கு எரிந்த நேரத்தையும் அணைந்த நேரத்தையும் அன்றைய ரிப்போர்ட்டில் எழுதிக் கொடுங்க.