நீல மணி: டர்க்காய்ஸா, நம்ம ஊர் வெள்ளைக்கல்லா?

சேலத்தில் கல் விவரம் தெரிந்தவர்கள் யாராவது உதவுங்கள். ஏற்காடு ஏரிக்கரைப் பக்கம் ஒரு கடையில் என் அத்தை டர்க்காய்ஸ் மாலை என்று ஒன்று வாங்கி வந்திருக்கிறார். நெயில் பாலிஷ் ரிமூவரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் லேசாக நீலம் ஒட்டுகிறது. நூல் கோத்த துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

அசல் டர்க்காய்ஸ் ஒரு பாஸ்பேட் கனிமம். பாஸ்பரஸோடு அலுமினியமும் செம்பும் சேர்ந்தது. நீலம் செம்பு தருவது. (நம் பல்லிலும் எலும்பிலும் இருப்பதும் பாஸ்பேட்தான், அங்கே கூட்டு கால்சியம்.) நம்ம ஊர் வெள்ளைக்கல்லான மேக்னசைட்டில் பாஸ்பரஸே கிடையாது, அது கார்பனேட். சாயத்தை நன்றாக உறிஞ்சும் என்பதால் ஹௌலைட் என்ற இன்னொரு வெள்ளைக் கனிமத்தோடு இதையும் போலி டர்க்காய்ஸுக்கு எடுக்கிறார்கள். மேக்னசைட் தோண்டுகிற ஊரிலேயே இருந்துகொண்டு இதை வாங்கியிருந்தால், சிரிப்புதான்!

கடினத்தன்மை அசலுக்கு மோ அளவில் (எது எதைக் கீறும் என்று 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் அளவு) 5 முதல் 6, மேக்னசைட்டுக்கு 4 பக்கம். ஆனால் கீறிப் பார்க்க அத்தை விடமாட்டார். ஆசிட் பேச்சே வேண்டாம். மாலையைக் கெடுக்காமல் பார்த்துச் சொல்பவர் சேலத்தில் யார்? பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையில் வெளியாட்கள் கொண்டுபோனால் பார்ப்பார்களா? அப்புறம், மணியைக் கழற்றாமலே சோதிக்க முடியுமா?