பயிற்றுவிப்பாளர் தொழில், ஞாயிறு திருப்பலி, குடும்பம்: மூன்றையும் எப்படிக் கொண்டுசெல்கிறீர்கள்?

கேள்வி: தாண்டவன்வெளியிலிருந்து ஒருவர்

மட்டக்களப்பில் 11 ஆண்டுகளாகக் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராக இருக்கிறேன். ஒரு பாடசாலை அணிக்கும் ஒரு கழகத்துக்கும் பயிற்சி அளிப்பதே என் முழுநேரத் தொழில். மனைவி ஆசிரியை. மகளுக்கு 9 வயது. அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை எழுதப் போகிறாள்.

விடியற்காலைப் பயிற்சியும் மாலைப் பயிற்சியும் வார நாட்களை எடுத்துக்கொள்ள, வார இறுதியைச் சுற்றுப்போட்டிகள் எடுத்துக்கொள்கின்றன. எங்கள் பங்குக் கோவிலில் மறைக்கல்வி வகுப்பு எடுத்து வந்தேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை விட்டுவிட்டேன். சென்ற ஆண்டு மகள் முதன்முறையாக நற்கருணை பெற்ற முதல்நன்மை நாளில் அணியின் அரையிறுதி ஆட்டத்துக்காகக் கொழும்பில் இருந்தேன். அந்த ஆட்டத்தில் வென்றோம். மகள் குறை எதுவும் சொல்லவில்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

இப்போது கொழும்பிலுள்ள ஒரு கழகம் இரட்டிப்புச் சம்பளத்துக்கு அழைக்கிறது. போனால், 300 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து மாதம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வர முடியும். விசுவாசத்தையும் குடும்பத்தையும் இழக்காமல் இத்தொழிலில் முன்னுக்கு வந்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தார்கள் என்று அறிய விரும்புகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற ஆசிரியர், புளியந்தீவு

தம்பி, நல்ல பயிற்றுவிப்பாளர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று நம் ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறதல்லவா, அது எங்கிருந்து வந்தது என்பதை முதலில் யோசித்துப் பாருங்கள். மட்டக்களப்பின் விளையாட்டை வளர்த்தவர்களில் இயேசு சபைத் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்து 1948இல் இலங்கைக்கு வந்த யூஜின் ஹேபியர் அடிகளார் புனித மிக்கேல் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியைப் பயிற்றுவித்தவர். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். வெபர் அடிகளாரின் பெயரை நம் விளையாட்டரங்கு இன்றும் தாங்கி நிற்கிறது. இவர்களுக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கல்லூரியே வீடு, மாணவரே குடும்பம். காலை முதல் இரவு வரை மைதானத்தில் நின்றாலும் வீட்டில் காத்திருக்க எவரும் இல்லை.

அவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களின் நிழலில் வளர்ந்தவன் நான். ஆனால் துறவி ஒருவரின் நேர அட்டவணையை எடுத்துக் குடும்பஸ்தர் ஒருவரின் தோளில் ஏற்றிவிட்டு, அதற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். பழைய மாணவர்களும் பெற்றோரும் உங்களிடம் எதிர்பார்ப்பதும் அதையே. அவர்கள் கொடுத்தது தங்கள் சொந்த நேரத்தை. நீங்கள் கொடுப்பதில் பாதி உங்கள் மனைவிக்கும் மகளுக்கும் உரியது.

திருப்பலியைப் பொறுத்தவரை சிக்கல் அவ்வளவு பெரிதல்ல. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி சனிக்கிழமை மாலைத் திருப்பலியும் ஞாயிற்றுக் கடமையை நிறைவேற்றும். ஆட்டம் ஞாயிறு என்றால் அதைப் பயன்படுத்துங்கள்.

பதில் 2: கல்முனை வாசகர்

ஆசிரியர் ஐயா சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும், குடும்பஸ்தர்களும் எவருடைய நிழலும் இல்லாமலே இதே குழியில் விழுந்திருக்கிறார்கள். அமெரிக்கக் காற்பந்தாட்டத்தில் வொஷிங்டன் அணிக்கு, அவ்விளையாட்டின் ஆண்டு இறுதிப்போட்டியான சுப்பர் போலில் மூன்று வெற்றிகளைப் பெற்றுக்கொடுத்த ஜோ கிப்ஸ், தம் கிறிஸ்தவ விசுவாசத்தை வெளிப்படையாகப் பேசியவர். அவரே பருவகாலத்தில் வாரத்துக்குப் பல இரவுகள் அலுவலகத்திலேயே படுத்துறங்கியவர். 1993இல் ஓய்வு பெற்றபோது குடும்பத்துடன் இருக்க வேண்டும் என்பதையும் ஒரு காரணமாகச் சொன்னார். விசுவாசம் இருந்தது, நேரம் மட்டும் வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அதே விளையாட்டில் டோனி டன்ஜி வேறு வழியில் போனார். உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் நள்ளிரவு வரை வேலை செய்ய வேண்டும் என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. பயிற்சி இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துவரலாம் என்று இடம் கொடுத்தார். 2007 பெப்ரவரியில் அவரது இண்டியானாபொலிஸ் அணி சுப்பர் போலை வென்றது. அக்கிண்ணத்தை வென்ற முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் அவர்தான். இதை வைத்துக்கொண்டு, கடவுளுக்கும் குடும்பத்துக்கும் முதலிடம் கொடுத்தால் வெற்றி தானாக வரும் என்று பிரசங்கம் செய்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வெற்றிக்குச் சுமார் ஓராண்டுக்கு முன், 2005 டிசம்பரில், டன்ஜி தம் 18 வயது மகனை இழந்தவர். கிண்ணத்துக்கும் சரி, வீட்டுக்கும் சரி, அவர் வாழ்ந்த முறை உத்தரவாதம் எதையும் தரவில்லை. அப்படியிருந்தும் அவர் அதை மாற்றிக்கொள்ளாததைத்தான் நான் மதிக்கிறேன்.

ஞாயிறு என்றதும் எங்கள் மெதடிஸ்த சபையில் எரிக் லிடெலைத்தான் சொல்வார்கள். 1924 பரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் தகுதிகாண் ஓட்டம் ஞாயிறன்று நடந்ததால் ஓடாமல் விட்டு, 400 மீற்றரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றவர். ஆனால் அவர் ஓடுபவர். தமக்காக மட்டும் முடிவெடுத்தார். நீங்களோ, பெரும்பாலும் சைவப் பிள்ளைகளாக இருக்கக்கூடிய 12 பேருக்குப் பொறுப்பானவர். உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு அவர்கள் ஏன் விலை கொடுக்க வேண்டும்? பிற்காலத்தில் சீனாவில் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் இருந்தபோது, ஞாயிறுகளில் சும்மா இருந்த பிள்ளைகள் விளையாட்டில் சண்டையிட்டுக்கொண்டதைக் கண்டு, அதே லிடெல் ஞாயிறன்று நடுவராக நின்றார் என்பதை ஏனோ பிரசங்கங்களில் அதிகம் கேட்க முடிவதில்லை.

பதில் 3: ஒரு பயிற்றுவிப்பாளரின் மனைவி, அக்கரைப்பற்று

இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்பதை நீங்களும் எழுதவில்லை, பதில் எழுதிய ஐயாமாரும் கேட்கவில்லை. அவரும் வேலைக்குப் போகிறவர். நீங்கள் கொழும்பில் இருக்கும் மாதங்களில் புலமைப்பரிசில் வகுப்புக்கு மகளைக் கொண்டுபோய் விடுவதும், காய்ச்சல் வந்தால் லீவு போடுவதும் அவர்தான். இரட்டிப்புச் சம்பளத்தில் அங்கே அறை வாடகை, சாப்பாடு, பயணச் செலவு ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சம் எவ்வளவு என்று இருவரும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என் கணவருக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தபோது நாங்கள் எழுதிப் பார்த்தோம். மிச்சம் நினைத்ததில் மூன்றிலொரு பங்குதான்.

போவதாக முடிவெடுத்தாலும், விடுமுறை எத்தனை நாள், பரீட்சை மாதத்தில் வீட்டில் இருக்க முடியுமா என்பவற்றைக் கையொப்பம் இடுவதற்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். பிறகு பேசிக்கொள்ளலாம் என்பார்கள். பிறகு பேச மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அக்கா, உங்கள் பதிலைப் படித்த பின்னர்தான் மனைவியிடம் முறையாகக் கேட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. போக வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. முதல்நன்மை நாளில் மகளுக்குப் பக்கத்தில் அப்பாவின் இடத்தில் தன் தம்பி நின்றதை மட்டும் சொன்னார். அதை நான் படத்தில் பார்த்திருந்தேன், கவனித்திருக்கவில்லை.

மகளின் பரீட்சை முடியும் வரை ஊரை விட்டு வர முடியாது என்று அந்தக் கழகத்துக்கு எழுதியிருக்கிறேன். அதற்காகக் காத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. பாடசாலை அணிக்கு ஞாயிறு காலைப் பயிற்சியைப் பிற்பகலுக்கு மாற்றலாமா என்று பெற்றோரிடம் கேட்டேன். இருவர் முகம் சுளித்தார்கள், ஒருவர் ஹேபியர் அடிகளாரின் காலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். ஆசிரியர் ஐயா எழுதியதை அவருக்கு அப்படியே அனுப்பிவைத்தேன்.