பட்டனை ஒரு தடவை அமுக்கினா மூணா எண்ணுது: இன்டரப்ட் வெச்சவங்க அனுபவம் சொல்லுங்க

குடோன்_கவுண்டர்:
ஆர்டுயினோ ஊனோ போர்டு, பின் 2-ல பட்டன். இன்புட் புல்லப் (சும்மா இருக்கும்போது பின்னை ஹையில பிடிச்சு வைக்கிற உள் ரெசிஸ்டர்). ஃபாலிங் எட்ஜ்ல, அதாவது அமுக்கி ஹையிலிருந்து லோவுக்கு இறங்கினதும், இன்டரப்ட்: சிப் கையில இருக்கிற வேலையை விட்டுட்டு உடனே எண்ணும். எல்லாரும் செய்யற அதே வயரிங்தான். மாமாவோட அரிசி குடோன்ல லாரியில ஏத்துற மூட்டையை எண்ண வெச்சுக் கொடுத்தேன், மூட்டைக்கு ஒரு அமுக்கு. முதல் நாள் லாரியில 40 மூட்டை, டிஸ்ப்ளேயில 57. மாமா லோடுமேன் அண்ணனைக் கூப்பிட்டு, "மிச்சம் 17 மூட்டை எங்கய்யா போச்சு?"ன்னு கேட்டுட்டார். அண்ணன் ஒண்ணும் பேசல. தோள்ல கிடந்த துண்டை எடுத்து மடிச்சுக்கிட்டே என்னைப் பார்த்தார். ஒரு மாசம் ஆச்சு, அந்தப் பார்வை இன்னும் கண்ணுலயே நிக்குது.

பவுன்ஸ்தான்னு, அதாவது ஒரே அமுக்குல காண்டாக்ட் பல தடவை ஒட்டிப் பிரியுதுன்னு, அன்னிக்கு ராத்திரியே புரிஞ்சுது. ஐஎஸ்ஆருக்குள்ள (இன்டரப்ட் வந்தா ஓடுற ஃபங்ஷன்) மில்லிஸ்ல நேரம் பார்த்து, 50 மில்லிசெகண்டுக்குள்ள வர்றதைத் தள்ளிட்டேன். வேரியபிளுக்கு வாலடைல் (ஒவ்வொரு தடவையும் மெமரியிலிருந்தே படின்னு சொல்ற குறிப்பு) போட்டாச்சு. இப்பவும் நூறு மூட்டைக்கு நாலஞ்சு கூடத்தான் காட்டுது.

பாட்டி_மணி:
எனக்கு இஎஸ்பி8266, வைஃபை உள்ள சிப். பாட்டி கட்டில் பக்கத்துல பட்டன், அமுக்கினா என் ஃபோனுக்குச் செய்தி வரும். ரெண்டு வாரம் நல்லா ஓடிச்சு. ஒரு நாள் காலையில, "மூணு தடவை அமுக்கினேன், நீ வரலையே"ன்னாங்க. ராத்திரி பாத்ரூம் போகத் தனியா எழுந்திருக்காங்க. ஐஎஸ்ஆரை ஐராம்ல (சிப்புக்குள்ள கோடு ஓடுற ராம்) வைக்கல நான், அது ஃப்ளாஷ்லயே இருந்துச்சு. ஃப்ளாஷ்ல லாக் எழுதிட்டு இருக்கும்போது இன்டரப்ட் வந்தா போர்டு ரீசெட் ஆயிடும். பழைய கோர் (இந்தச் சிப்புக்கான ஆர்டுயினோ சாஃப்ட்வேர்) வெர்ஷன் இதைக் கண்டுக்காது. புதுசுல அட்டாச் பண்ணும்போதே எர்ரர் சொல்லி நின்னுடும்.

ரிலே_போர்டு:
குடோன் தம்பி, அந்த 50 மில்லிசெகண்ட் வழி பாதிதான் சரி. பட்டனை விடும்போதும் பவுன்ஸ் ஆகும்ங்கிறதை மறந்துட்டீங்க. விடுறப்ப காண்டாக்ட் பிரிஞ்சு, ஒட்டி, பிரியும். அந்த நடுவுல ஒட்டுறது உங்க சிப்புக்கு இன்னொரு ஃபாலிங் எட்ஜ். மூட்டை தூக்குற கை பட்டனை அரை செகண்டாவது அமுக்கிப் பிடிக்கும். அதுக்குள்ள உங்க 50 எப்பவோ முடிஞ்சிருக்கும். எட்ஜ் வந்ததும் எண்ணாதீங்க. டைமர்ல 5 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை பின்னைப் படிங்க, தொடர்ந்து நாலு தடவை லோ வந்தா அமுக்கினதா எடுத்துக்கங்க, அதே மாதிரி நாலு தடவை ஹை வந்த பிறகுதான் அடுத்த எண்ணிக்கை. மனுஷ விரலுக்கு இன்டரப்டே தேவையில்லைன்னு நான் நினைக்கிறேன். தூங்குற சிப்பை எழுப்பணும்னா சரி. அப்புறம் வயர் எவ்வளவு நீளம்? உள்ளே இருக்கிற புல்லப் 20-லிருந்து 50 கிலோஓம், நீள வயருக்கு அது பத்தாது. வெளியே 4.7 கிலோஓம் போடுங்க, சிப்போட பின்னுக்குப் பக்கத்துல 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் வைங்க, கிரவுண்டோட முறுக்கின ஜோடி வயரா இழுங்க. மோட்டார் ஸ்டார்ட்டர் பக்கத்துல ஓடினா ஆப்டோகப்ளர் (ஒளி மூலமா சிக்னலைக் கடத்தி ரெண்டு பக்கத்தையும் பிரிக்கிற பாகம்) இல்லாம விடாதீங்க. நான் ஒரு பம்ப் ஷெட்ல அப்படி விட்டு, யாரும் தொடாமலே மோட்டார் ஓடிச்சு.

பாட்டி_மணி:
இன்டரப்டே வேண்டாம்னா எப்படிங்க? என்னோட லூப்ல வைஃபை கனெக்ட் ஆக சில செகண்ட் ஆகும். அந்த நேரத்துல பாட்டி அமுக்கினா போலிங் (லூப்ல பின்னைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது) கோட்டை விட்டுடும்.

ரிலே_போர்டு:
லூப்ல படிக்கச் சொல்லலைங்க, டைமர்ல. லூப் காத்திருந்தாலும் அது தன் நேரத்துக்கு ஓடும்.

பின்_34:
இஎஸ்பி32-ல பின் 34. கோட்ல புல்லப்னு எழுதியிருந்தேன், எர்ரர் வரல. கையைக் கிட்டக் கொண்டு போனாலே எண்ணிக்கை ஏறும். எடுத்தா நிக்கும். என் பொண்ணு பத்து நிமிஷம் தொடாமலே எண்ண வெச்சுட்டு இருந்தா, நான் நெஞ்சு படபடன்னு டேட்டாஷீட் புரட்டிட்டு இருந்தேன். 34-லிருந்து 39 வரைக்கும் உள்ளே புல்லப்பே கிடையாது. 10 கிலோஓம் ஒண்ணு வெளியே போட்டதும் அடங்கிடுச்சு.

குடோன்_கவுண்டர்:
ரிலே அண்ணே, நீங்க சொன்னது சரி. இன்னிக்கு நானே அமுக்கிப் பிடிச்சு மெதுவா விட்டுப் பார்த்தேன். இருபது தடவையில ரெண்டு தடவை, விடும்போது எண்ணிக்கை கூடிச்சு. டைமருக்கு மாத்திட்டேன், இருநூறு அமுக்குக்கு இருநூறு. நாளைக்குக் காலையில முதல் லாரிக்கு முன்னாடி மாமாவையும் அண்ணனையும் ஒண்ணா நிக்க வெச்சு, பழைய கோடையும் புதுசையும் ஓட்டிக் காட்டப் போறேன்.