மியூவான் சிதைவில் ஆக்சியான் போன்ற துகள்: கீழ்வரம்பு பொருந்தவில்லை, உதவுங்கள்

கேட்டவர்: வணக்கம். மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்) ஒரு பாசிட்ரானாகவும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) ஆக்சியான் போன்ற துகளாகவும் (இன்னும் கண்டறியப்படாத, கருதுகோள் அளவிலான துகள்) சிதைவதற்கான உச்சவரம்பிலிருந்து, அத்துகளின் பிணைப்பு எவ்வளவு பலவீனம் என்பதைக் காட்டும் ஆற்றல் அளவின் கீழ்வரம்பைக் கணக்கிட்டால் 5.5×10⁹ கிகா எலக்ட்ரான் வோல்ட் வருகிறது. கட்டுரை வரைபடத்திலோ என் மாதிரிக்கு ஏறத்தாழ 1.2×10⁹ தான் இருக்கிறது. நாளை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

சுடர்: எந்தச் சோதனையின் வரம்பு? துகளின் நிறை என்ன? பிணைப்பு இடக்கையா, வலக்கையா (தற்சுழற்சி, இயக்கத் திசையோடு எப்படி அமைகிறது என்பது)?

காந்தள்: வரையறையில் வரும் 2 என்ற காரணியாகத்தான் இருக்கும். பாதிக் குழப்பங்களுக்கு அதுவே காரணம்.

பழையவர்: வித்தியாசம் நான்கரை மடங்குக்கும் மேல், 2 அதை விளக்காது. மியூவான் சிதைவின் நிறமாலையைப் படித்துவிட்டுக் கேட்பது எல்லோருக்கும் நல்லது, தம்பி.

கேட்டவர்: கனடாவின் ட்ரையம்ஃப் ஆய்வகத்தின் 1986 வரம்பு: இப்படிச் சிதையும் பங்கு 2.6×10⁻⁶-க்கு மேல் இல்லை. நிறை சுழி. இடக்கைப் பிணைப்பு.

சுடர்: அப்படியானால் அந்த வரம்பு உங்கள் மாதிரிக்குப் பொருந்தாது. அச்சோதனையில், தற்சுழற்சி ஒருமுகப்பட்ட மியூவான்களிலிருந்து அச்சுழற்சிக்கு எதிர்த்திசையில் வரும் பாசிட்ரான்களைத்தான், 52.8 மெகா எலக்ட்ரான் வோல்ட் என்ற உச்ச ஆற்றலை ஒட்டிப் பார்த்தார்கள். அங்கே சாதாரணச் சிதைவு மறைந்துவிடுவதால் பின்னணி மிகக் குறைவு. ஆனால் இடக்கைப் பிணைப்பில் நீங்கள் தேடும் சமிக்ஞையும் அதே திசையில் மறைந்துவிடும். 58 கோடிச் சிதைவுகளை ஆராய்ந்த ட்விஸ்ட் என்ற சோதனைக் குழு 2015-இல் கோணச் சார்பையும் கணக்கில் எடுத்தது. இலேசான துகள்களுக்கு மிக மோசமான நிலையில், அதாவது உங்களுடையது போன்ற இடக்கைப் பிணைப்பில், அதன் வரம்பு 5.8×10⁻⁵. ஆற்றல் அளவு கிளை விகிதத்தின் (மொத்தச் சிதைவுகளில் இவ்வகையின் பங்கு) வர்க்கமூலத்துக்குத் தலைகீழாக மாறுவதால், இந்த எண்ணை இட்டுப் பாருங்கள்.

காந்தள்: மெக் சோதனை 2016-இல் 4.2×10⁻¹³ வரை எட்டியிருக்கும்போது இந்தப் பழைய எண்கள் எதற்கு?

சுடர்: அது பாசிட்ரானோடு ஃபோட்டானும் (ஒளித்துகள்) வெளிவரும் சிதைவுக்கான வரம்பு. இங்கே துகள் கண்ணில் படாமல் வெளியேறுகிறது. ஒற்றைப் பாசிட்ரான் மட்டுமே மிஞ்சும்.

காந்தள்: வெள்ளைக் குறுவிண்மீன்கள் குளிரும் வேகம் இன்னும் கடுமையான வரம்பைத் தருமே?

பழையவர்: அது எலக்ட்ரானோடு நேரடியாகப் பிணையும் எண்ணுக்கான வரம்பு. இங்கே கேட்பது மியூவானை எலக்ட்ரானாக மாற்றும் எண்ணைப் பற்றி. இரண்டையும் இணைக்க ஒரு மாதிரியை முதலில் எழுத வேண்டும்.

கேட்டவர்: 5.8×10⁻⁵ இட்டதும் 1.2×10⁹ வந்துவிட்டது. மிக்க நன்றி.