பிள்ளையைத் திருச்சிக்குப் படிக்க அனுப்பலாமா?

லால்குடிக்காரன் (ஜூரோங் வெஸ்ட்), சனி இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் சிங்கப்பூர் நிரந்தரவாசிகள், சொந்த ஊர் திருச்சிப் பக்கம் லால்குடி. மகள் இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். நன்றாகத்தான் படிக்கிறாள், ஆனால் இங்குள்ள என்யுஎஸ், என்டியு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்குமா என்பது சந்தேகம். அம்மா, அப்பா ஊரில்தான் இருக்கிறார்கள். திருச்சியில் இல்லாத கல்லூரியா, அங்கேயே சேர்த்துவிடலாம் என்பது என் யோசனை. மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. "திரும்ப அங்கேயே அனுப்பவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்கிறாள். பிள்ளைக்குப் பிடித்தது தாவரவியல். எனக்குப் பிடித்தது என்ஐடியில் பொறியியல். மனத்தில் பட்டதைச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை மணி, சனி இரவு 10.15

கண்ணை மூடிக்கொண்டு அனுப்புங்கள் லால்குடி. உறையூர் சோழர் தலைநகராக இருந்த ஊர் நம்முடையது, படிப்பும் அங்கே நேற்று வந்ததல்ல. செயின்ட் ஜோசப் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் ஆரம்பித்து 1883இல் திருச்சிக்கு வந்தது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படித்த இடம். தெப்பக்குளத்தில் நின்று சுற்றிப் பார்த்தாலே அதுவும் ஹோலி கிராஸும் (1923) பக்கத்தில் பக்கத்தில். நேஷனல் கல்லூரி 1919. ஜமால் முகமதும் சீதாலட்சுமி ராமசாமியும் ஒரே ஆண்டு, 1951. பிஷப் ஹீபர் பழைய கல்லூரி, நடுவில் மூடிக் கிடந்து 1966இல் மறுபடி திறந்தது. இதற்கு மேல் என்ஐடி, ஐஐஎம், ஐஐஐடி, சட்டப் பல்கலைக்கழகம், கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் அரசு மருத்துவக் கல்லூரி. சி.வி. ராமன் படித்த ஊர் வேறு! சாங்கியில் ஏறினால் நான்கு மணி நேரத்தில் வீடு. இதைவிட என்ன வேண்டும்?

பொங்கோல் கவிதா, சனி இரவு 11.02

மணி அண்ணே, ராமன் திருவானைக்காவலில் பிறந்தார், அவ்வளவுதான். படித்தது விசாகப்பட்டினமும் சென்னை மாநிலக் கல்லூரியும். ஊர்ப்பாசம் இருக்கட்டும், அதற்காக இப்படியா?

நானும் திருச்சிப் பக்கம் படித்தவள்தான். நீங்கள் சொன்ன பட்டியலில் இல்லாத, நெடுஞ்சாலை ஓரத்துப் பொறியியல் கல்லூரி. பேர் வேண்டாம். வாசலில் பெரிய ஆர்ச், உள்ளே பாதி கட்டிய ஆய்வகம். "நூறு சதவீத வேலைவாய்ப்பு" என்று பஸ்ஸின் பின்னால் எழுதியிருப்பார்கள். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குக் கிடைத்தது சென்னையில் கால் சென்டர். அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். ஊரில் கல்லூரி எத்தனை என்று எண்ணும்போது இந்த மாதிரி இடங்களும் அந்த எண்ணிக்கையில்தான் வருகின்றன. கடை நிறைய இருக்கும் தெருவில் எல்லாக் கடையிலும் நல்ல சரக்கு இருக்காது அண்ணே.

துவாக்குடி வாசி, ஞாயிறு காலை 7.30

என்ஐடியில் படித்தவன். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, என்ஐடியைத் திருச்சிக் கணக்கில் எழுதுவது எனக்குச் சிரிப்பு. 1964இல் மண்டலப் பொறியியல் கல்லூரியாக வந்தது, 2003இல் என்ஐடி ஆனது. இருப்பது தஞ்சாவூர் ரோட்டில் துவாக்குடி. நான்கு வருடத்தில் நான் மலைக்கோட்டை ஏறியது இரண்டு தடவை, அதுவும் வீட்டிலிருந்து ஆள் வந்தபோது. வளாகமே தனி ஊர். ஐஐஎம் வேறு திசையில் புதுக்கோட்டை ரோட்டில், சட்டப் பல்கலைக்கழகம் திண்டுக்கல் ரோட்டில். மத்திய அரசோ மாநில அரசோ திருச்சிப் பக்கம் கொடுத்த நிலத்தில் வந்தவை இவை, மலைக்கோட்டைக்கும் இவற்றுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டு, வெளிநாட்டில் படித்த பிள்ளைக்கு டாசா என்ற நேரடிச் சேர்க்கைத் திட்டத்தில் இடம் உண்டு, ஆனால் முன்போல அமெரிக்க சாட் தேர்வு மதிப்பெண் எடுபடாது, ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். கட்டணம் டாலரில். வளைகுடாவில் வேலை பார்க்கும் இந்தியர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை இருக்கிறது, சிங்கப்பூர்க்காரர்களுக்கு இல்லை. நாமும் வெயிலில்தான் வேலை பார்க்கிறோம், யாரிடம் சொல்ல?

அப்புறம், தாவரவியல் பிடிக்கும் பிள்ளையை ஜேஇஇக்கு உட்காரவைத்து என்ன ஆகப்போகிறது?

மலைக்கோட்டை மணி, ஞாயிறு காலை 8.05

ராமன் விஷயம் என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கவிதா, நீங்கள் பட்ட பாட்டை ஊரின் தலையில் கட்டாதீர்கள். நான் சொன்ன எதுவும் ஆர்ச் கல்லூரி இல்லை. செயின்ட் ஜோசப் 1978இலேயே தன்னாட்சி வாங்கியது. பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அவர்கள் கையில், பட்டம் மட்டும் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தரும்.

சிராங்கூன் ரோடு பெரியவர், ஞாயிறு பகல் 12.20

நான் ஜமாலில் பி.காம். படிக்கும்போது பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரில் வந்தது. பாரதிதாசன் 1982இல்தான் வந்தது. எங்கள் கல்லூரிக்காரர்கள் இங்கே சங்கமே வைத்திருக்கிறோம், தேக்காவில் டீ குடிக்கப் போனாலும் ஒரு ஜமாலியன் கண்ணில் படுவார்.

லால்குடித் தம்பி, ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அந்தப் பழைய கல்லூரிகள் பலவற்றில் ஒரே வாசலுக்குள் இரண்டு கல்லூரி நடக்கிறது. காலை ஷிஃப்ட் அரசு உதவி பெறுவது, மதிய ஷிஃப்ட் சுயநிதி. கட்டணம் வேறு, ஆசிரியர்களின் சம்பளமும் வேறு. என் அண்ணன் பேரனுக்குச் சீட் கிடைத்துவிட்டது என்று குதித்தோம், போய்ப் பார்த்தால் மதிய ஷிஃப்ட். கல்லூரிப் பேரைக் கேட்டு மயங்காமல், எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட் என்று கேளுங்கள்.

பொங்கோல் கவிதா, ஞாயிறு பகல் 1.10

ஐயா சொல்வதைத்தான் நானும் வேறு மாதிரி சொன்னேன். லால்குடி சார், திரும்பி வரும் கதையை யோசித்தீர்களா? மகள் நிரந்தரவாசி. மூன்று வருடம் வெளியில் இருந்தால் மறுநுழைவு அனுமதியைக் கவனித்துக்கொள்ள வேண்டும். இங்கே தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆறு இருக்கிறது, பலதுறைத் தொழிற்கல்லூரி ஐந்து. என்யுஎஸ் இல்லையென்றால் திருச்சி என்று ஏன் நேராகத் தாவுகிறீர்கள்? கல்வி அமைச்சின் மானியம் வாங்கினால், படித்து முடித்து மூன்று ஆண்டு இங்கே வேலை பார்க்க வேண்டும். இங்கேயே இருக்கப்போகிறவர்களுக்கு அது சுமையா?

தாவரவியல் என்றால் நம் தாவரவியல் பூங்காவிலேயே ஹெர்பேரியம் இருக்கிறது, ஏழு லட்சத்துக்கும் மேல் உலர்ந்த செடிகள். இதை விட்டுவிட்டு எங்கே போவது?

மலைக்கோட்டை மணி, ஞாயிறு மாலை 6.45

ஹெர்பேரியம் என்று சொன்னீர்களே, நல்லதாகப் போயிற்று. செயின்ட் ஜோசப் வளாகத்தில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. கே.எம். மேத்யூ என்ற இயேசு சபைப் பாதிரியார் 1967இல் தொடங்கியது. தமிழ்நாட்டின் வறண்ட நிலத்துச் செடிகளை ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, தடித்த தாளில் வேரோடு ஒட்டி, எந்த இடம், எந்தத் தேதி, பூ என்ன நிறம் என்று மூலையில் எழுதிவைத்திருப்பார்கள். காய்ந்தபின் பூவின் நிறம் போய்விடும், அதனால்தான் அதையும் எழுதுவது. நான் வணிகவியல்காரன், ஒரு தோழனோடு சும்மா எட்டிப் பார்த்தேன். எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் காலில் மிதித்துக்கொண்டு போகும் செடி அங்கே லத்தீன் பேரோடு படுத்திருந்தது. இன்றைக்கும் மறக்கவில்லை.

சிங்கப்பூர்ப் பூங்காவில் இருப்பது பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அது மழைக்காட்டின் களஞ்சியம். காவிரிப் பக்கத்துச் செடி தெரிய வேண்டுமென்றால் திருச்சியில்தான். அந்தப் பிள்ளை ஹோலி கிராஸில் தாவரவியல் எடுத்தால், தெப்பக்குளத்தைச் சுற்றி நடந்தால் ஹெர்பேரியம் வந்துவிடும்.

பொங்கோல் கவிதா, ஞாயிறு இரவு 8.30

வேறு கல்லூரிப் பிள்ளையை யார் அண்ணே உள்ளே விட்டு ஏடு புரட்டவிடுவார்கள்? வாட்ச்மேனே கேட்டில் நிறுத்திவிடுவார். பக்கத்தில் இருக்கிறது என்பதும் படிக்கக் கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஆனாலும் இந்தத் தடவை நீங்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சனிக்கிழமை எழுதிய பட்டியலுக்கு இது எவ்வளவோ மேல்.

துவாக்குடி வாசி, ஞாயிறு இரவு 8.41

பாரதிதாசன் பல்கலைக்கழகத்திலும் தாவர அறிவியல் துறை உண்டு, ஆனால் அங்கே முதுகலையும் அதற்கு மேலும்தான். விமான நிலையத்தைத் தாண்டிப் புதுக்கோட்டை ரோட்டில் போக வேண்டும். இளங்கலை முடித்து அங்கே போகலாம், இல்லையென்றால் இங்கே திரும்பி வந்து முதுகலை படிக்கலாம். முதல் பட்டம் ஊரில், அடுத்தது இங்கே என்று போனவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

லால்குடிக்காரன், திங்கள் இரவு 10.05

எல்லோருக்கும் நன்றி. நேற்று மகளையும் மனைவியையும் கூட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு மரத்தின் பேர்ப்பலகையாக நின்று படித்துக்கொண்டு வந்தாள். நான் வாயைத் திறந்து என்ஐடி என்று சொல்லவே இல்லை. மணி எழுதியதை ராத்திரி படித்துக் காட்டினேன். "அப்பா, பூ நிறத்தை எழுதிவைப்பார்களா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். மனைவி இன்னும் இறங்கிவரவில்லை, கவிதா எழுதிய மானியக் கணக்கைக் குறித்து வைத்துக்கொண்டாள்.

அடுத்த விடுமுறைக்கு லால்குடி போகிறோம். சேர்ப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு மட்டும். ஹோலி கிராஸில் தாவரவியல் எந்த ஷிஃப்ட் என்று கேட்பதாக இருக்கிறேன். மணி, ராபினாட்டைப் பார்க்க முன்கூட்டிக் கடிதம் எழுத வேண்டுமா, நேரில் போய்க் கேட்டால் போதுமா?

மலைக்கோட்டை மணி, திங்கள் இரவு 10.20

கடிதம் எழுதிவிட்டே போங்கள். வாட்ச்மேன் விஷயத்தில் கவிதா சொன்னது சரி.